‘ஹோஸ்திஸ்’: ஒரு லத்தீன் சொல்லைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லத்தீன் அகராதியில் ‘ஹோஸ்திஸ்’ என்ற சொல்லைத் தேடுபவர் ‘பகைவன்’ என்ற பொருளைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவது வழக்கம். சீசரின் போர்க்குறிப்புகளைப் படிப்பவருக்குப் பெரும்பாலும் அந்தப் பொருளே போதும். ஆனால் பழைய சட்டம், மேடை நாடகம், விவிலிய மொழிபெயர்ப்பு என்று வாசிப்பு விரியும்போது அதே பொருள் காலை வாரிவிடும்.

மிகப் பழைய வாக்கியங்களிலும் பிற்காலப் பொருளைப் பொருத்திப் படிப்பதுதான் முதலாவதும் பெரியதுமான தவறு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் தொகுக்கப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் ‘ஆத்வெர்சுஸ் ஹோஸ்தெம் ஏதெர்னா அவுக்தோரிதாஸ்’ என்றொரு தொடர் உண்டு (‘ஹோஸ்தெம்’ என்பது ‘ஹோஸ்திஸ்’ஸின் வேற்றுமை வடிவம்). சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பகைவனுக்கு எதிராக நிரந்தர அதிகாரம்’ என்று போர் முழக்கம் போலத் தோன்றும். உண்மையில் இது சொத்துரிமை பற்றிய விதி. ரோமக் குடிமகன் ஒருவன் நிலத்தை 2 ஆண்டுகளும் பிற பொருள்களை 1 ஆண்டும் கைவசம் வைத்திருந்தால் அனுபவ பாத்தியத்தால் அவை அவனுக்குச் சொந்தமாகலாம். அயலானுக்கு அந்த வழி இல்லை என்பதும், அவன் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் உரியவரின் உரிமை அற்றுப்போகாது என்பதும் இத்தொடருக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். இங்கே ‘ஹோஸ்திஸ்’ வாளேந்தி நிற்பவன் அல்லன்; வேற்றூரான்.

கி.மு. 44இல் தம் மகனுக்காகக் கடமைகள் பற்றிய நூலை எழுதிய ரோமப் பேச்சாளர் சிசெரோ, இன்று ‘பெரெக்ரீனுஸ்’ (அயலான்) என்று நாம் அழைப்பவனையே முன்னோர் ‘ஹோஸ்திஸ்’ என்றனர் என்று விளக்கி, இதே தொடரைச் சான்றாகக் காட்டுகிறார். அவர் காலத்து அறிஞர் வார்ரோவும் அவ்வாறே சொல்கிறார். ஆனால் போர்ப்பகைவனைக் குறிக்க இருந்த ‘பெர்துவெல்லிஸ்’ என்ற கடுஞ்சொல்லை விட்டு இந்த மென்சொல்லை முன்னோர் எடுத்தாண்டது அவர்களுடைய கனிவால் என்று சிசெரோ மேலும் கூறுவதை அப்படியே ஏற்கக் கூடாது. பொருளுக்கு அவர் நல்ல சாட்சிதான்; காரணம் சொல்லும்போது முன்னோர் பெருமை பேசுகிறார் என்பது என் எண்ணம். அயலானைக் குறிக்கும் சொல் பகைவனையும் குறிப்பது நமக்குப் புதிதன்று. ‘ஏதிலார் குற்றம்போல்’ என்ற குறளில் அயலாரைக் குறிக்கும் சொல்லுக்கு அகராதிகள் பகைவர் என்ற பொருளையும் தருகின்றன.

இன்ன ஆண்டுவரை பழைய பொருள், அதன்பின் புதிய பொருள் என்று கோடு கிழிப்பதும் பிழை. பழைய ரோம நாடக ஆசிரியர் பிளாவுட்டுஸின் ‘குர்குலியோ’ நாடகத் தொடக்கத்தில் அயலானோடு உள்ள வழக்குக்கு நாள் குறித்திருப்பதைச் சொல்ல இச்சொல் வருகிறது. அதே ஆசிரியர் வேறிடங்களில் போர்ப்பகைவனுக்கும் இதையே ஆள்கிறார்.

அடுத்தது, ‘இனிமிகுஸ்’ என்ற சொல்லோடு இதைக் குழப்புவது. கி.மு. 66இல் படைத்தலைவர் பொம்பேயைப் புகழ்ந்த சிசெரோ, மற்றவர்கள் தங்கள் ‘இனிமிகுஸ்’களோடு சச்சரவிட்டதைவிட அதிக முறை பொம்பே ‘ஹோஸ்திஸ்’ஸோடு மோதியவர் என்றார். இரண்டையும் ‘பகைவன்’ என்று பெயர்த்தால் வாக்கியமே சப்பென்று ஆகிவிடும். முன்னவன் சொந்தப் பகையாளி, பின்னவன் நாட்டின் பகைவன். ரோமத் தலைவர்களான மாரியுஸைக் கி.மு. 88இலும் அந்தோனியைக் கி.மு. 43இலும் செனட் என்னும் ஆட்சி மன்றம் ‘ஹோஸ்திஸ்’ என்று அறிவித்தது வெறும் வசையன்று; குடிமகனுக்குரிய பாதுகாப்பை அவர்களிடமிருந்து பறித்த செயல். முறைப்படி போர் அறிவிக்கப்பட்டவர்களே ‘ஹோஸ்தெஸ்’ (பன்மை), ஏனையோர் கொள்ளையர் என்று சட்ட அறிஞர் பொம்போனியுஸ் பிரிக்கிறார். கடற்கொள்ளையனை ‘எல்லோருக்கும் பொதுவான பகைவன்’ என்றுதான் சிசெரோ எழுதினார். ‘மனித குலத்தின் பகைவன்’ என்ற பிற்காலத் தொடரை அவர் பெயரில் ஏற்றுவது தவறு.

இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் அதை எல்லா இடத்திலும் திணிக்கும் தவறும் உண்டு. கவிஞர்கள் காதல் போட்டியாளனையும் ‘ஹோஸ்திஸ்’ என்பார்கள். பகைவரிடம் அன்பு காட்டச் சொல்லும் மத்தேயு 5:44இல் லத்தீன் விவிலியம் ‘இனிமிகோஸ்’ (‘இனிமிகுஸ்’ஸின் பன்மை வடிவம்) என்று சொல்வதை வைத்து, அன்பு காட்டச் சொன்னது சொந்தப் பகையாளியிடம் மட்டுமே, போர்ப்பகைவனிடம் அன்று என்று வாதிடுவோர் உண்டு. மொழிபெயர்ப்பின் சொல்லை வைத்து மூலத்தை அளக்கும் வாதம் இது. கிரேக்க மூலத்திலுள்ள ‘எக்த்ரோஸ்’ இருவகைப் பகைவரையும் குறிக்கக்கூடியது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘விருந்தினர்’ என்ற பொருளுடைய ஆங்கில ‘கெஸ்ட்’, ஜெர்மன் ‘காஸ்ட்’ ஆகியவை ‘ஹோஸ்திஸ்’ஸின் உறவுச் சொற்கள் என்பதால், ரோமர் விருந்தினரைப் பகைவராகக் கண்டார்கள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். விருந்தினருக்கு அவர்கள் வைத்திருந்த சொல் ‘ஹோஸ்பெஸ்’. அதுவும் இதே வேரில் கிளைத்தது. இடைக்காலத்தில் ‘ஹோஸ்திஸ்’ மேலும் நகர்ந்து படையையும் படையெடுப்பையும் குறிக்கத் தொடங்கியது. ஆகவே பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் 811ஆம் ஆண்டு ஆணையில் ‘இன் ஹோஸ்தெம்’ அழைக்கப்பட்டும் வராத சுயேச்சைக் குடிமகனுக்குத் தண்டனை விதிக்கப்படும்போது, அவன் பகைவனிடம் போக மறுத்தவன் அல்லன்; படைக்கு வர மறுத்தவன்.