ஆன்டிவைரஸ் இருந்தும் வைரஸ் எப்படி வந்தது?

"ஆன்டிவைரஸ் இருக்கே, அப்புறம் எப்படி வந்துச்சு?" வைரஸ் ஏறிய கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். "கடைசியா எதை இன்ஸ்டால் பண்ணீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பிறகு தயங்கித் தயங்கி ஏதோ ஒரு கிராக்கின், அதாவது காசு மென்பொருளைச் சும்மா ஓட்டவைக்கும் திருட்டு நிரலின், பெயர் வெளியே வரும்.

போன முறை அப்படி வந்தது நண்பர் ஒருவருடைய மகனின் லேப்டாப். காசு கொடுத்து வாங்க வேண்டிய வீடியோ எடிட்டிங் மென்பொருளைச் சும்மா இறக்கியிருந்தான். ஜிப் கோப்பு, திறக்க 1234 என்று ஒரு பாஸ்வேர்டு. உள்ளே ஒரு நோட்பேட் குறிப்பு: "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும். அது தவறாக எச்சரிக்கும், பயப்பட வேண்டாம்."

அந்த பாஸ்வேர்டு எதற்கு என்று பெரும்பாலோர் யோசிப்பதில்லை. பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை ஆன்டிவைரஸால் பிரித்துப் பார்க்க முடியாது. நாமே பாஸ்வேர்டு போட்டுப் பிரிக்கும் நேரத்தில்தான் அதற்குக் கண் தெரியும். அந்த நேரம் பார்த்து அதன் கண்ணைக் கட்டிவிடச் சொல்கிறது அந்தக் குறிப்பு.

பையன் சொன்னபடி செய்தான். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆன்டிவைரஸை ஆன் செய்தும் வைத்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் கிராக் ஒரு வேலை செய்திருந்தது. 'அட்மின் அனுமதி தரவா?' என்று விண்டோஸ் கேட்டதற்கு அவன் 'யெஸ்' கொடுத்திருந்தான் அல்லவா, அந்த அனுமதியை வைத்துத் தன் ஃபோல்டரை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை ஸ்கேன் ஓட்டினாலும் டிஃபெண்டர் அந்த ஃபோல்டர் பக்கம் திரும்பவே இல்லை. பச்சை டிக் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

உங்கள் கணினியில் இதை இப்போதே பார்த்துவிடலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன் பகுதியில் மேனேஜ் செட்டிங்ஸ் போய், அடிவரை இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் இருக்கும். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

ஃபயர்வால் என்ன செய்துகொண்டிருந்தது?

அவன் லேப்டாப்பில் ஃபயர்வால், அதாவது இணைய இணைப்புகளுக்கான காவல் நிரல், ஆனில்தான் இருந்தது. அது தடுக்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு அமைப்பு, வெளியிலிருந்து அழையாமல் வரும் இணைப்புகளை நிறுத்தும். உள்ளிருந்து கிளம்பும் இணைப்புகளைப் போக விடும். பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு கிளம்பிய நிரல், உள்ளிருந்து போகிற கணக்கில் சேர்ந்துவிட்டது.

அதற்காக ஃபயர்வால் வீண் என்று அணைத்துவிட வேண்டாம். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு (தானாகவே கணினிக்குக் கணினி தாவும் நிரல்) பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்யவே தேவைப்படவில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும், 60 விநாடியில் கணினி அணையப்போகிறது என்று ஒரு பெட்டி எண்ண ஆரம்பித்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஃபயர்வால் இருந்தது, ஆனால் இயல்பாக ஆஃபில் இருந்தது. மறு ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகவே ஆன் செய்தது.

இன்று ஃபயர்வாலை அணைப்பவர்கள் பெரும்பாலும் பிரின்டர் வேலை செய்யவில்லை, கேம் இணையவில்லை என்பதற்காக அணைக்கிறார்கள். பிறகு ஆன் செய்ய மறந்துபோகிறார்கள். அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் தீர்கிற விஷயம் அது. அனுமதி கேட்டு வரும் பெட்டியில் 'பிரைவேட்', 'பப்ளிக்' இரண்டுக்கும் டிக் போடுவது இன்னொரு பழக்கம். வெளியிடங்களின் வைஃபையில் நம் கணினி அந்நியர்களோடு ஒரே வலையில் நிற்கிறது. அங்கே கதவைத் திறந்துவைக்க ஒரு காரணமும் இல்லை.

ரூட்டர் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். வெளியிலிருந்து வருவதற்கு ரூட்டர் ஓரளவு காவல்தான். ஆனால் வீட்டுக்குள் இன்னொரு கணினியில் ஏறிய புழு, ரூட்டரைத் தாண்டாமலே பக்கத்துக் கணினிக்கு வந்துவிடும்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் கொட்டாவி வருகிறது. அதனால் இரண்டு தேதிகள் மட்டும். வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14-இல் வெளியானது. வான்னாக்ரை வந்தது மே 12-இல். ஏறத்தாழ இரண்டு மாதம் கையில் இருந்தும் இன்ஸ்டால் செய்யாத கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராமல் அதையே ஓட்டுகிறவர்களுக்கு இனி அந்த மார்ச் 14 வரப்போவதே இல்லை.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்ற எண்ணமும் தவறு. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும், கணினி நத்தையாகும். லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகிவிட்டதென்றால் அதை நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து.

"உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்!" என்று பிரவுசரில் சைரன் அடிக்கும் பக்கத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் வன்தட்டை ஸ்கேன் செய்ய முடியாது. அதிலிருக்கும் எண்ணுக்கு அழைக்காமல், ஆல்ட்-எஃப்4 அடித்து மூடினால் முடிந்தது. இப்போது இதைவிட நயமான ஒன்று சுற்றுகிறது. 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்கும் போலிப் பக்கம். விண்டோஸ் விசையையும் ஆர்-ஐயும் அழுத்து, கன்ட்ரோல்-வி அழுத்து, என்டர் தட்டு என்று வரிசையாகச் சொல்லும். அந்தப் பக்கம் சத்தமில்லாமல் நகலெடுத்து வைத்த கட்டளையை நம் கையாலேயே ஓட்டவைக்கும் வேலை அது. எந்த உண்மையான சரிபார்ப்பும் பிரவுசரை விட்டு வெளியே வரச் சொல்லாது.

கோப்பு நீட்சியை (கோப்பின் வகையைச் சொல்லும் பெயரின் வாலை) மறைத்தே வைத்திருப்பதும் பழைய தவறு. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ஐ லவ் யூ வைரஸ் ஒரு காதல் கடிதம்போல, 'டாட் டிஎக்ஸ்டி' என்ற வாலோடு வந்தது. அதன் பின்னால் ஒளிந்திருந்த, ஓடும் நிரலைக் குறிக்கும் 'டாட் விபிஎஸ்'ஸை விண்டோஸ் காட்டவில்லை. இன்றும் இயல்பாகக் காட்டுவதில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஒரே ஒரு டிக் போட்டால் தெரிந்துவிடும்.

பேக்கப் எடுத்த டிரைவைக் கழற்றாமல் செருகியே வைத்திருப்பவர்களுக்கு: ரான்சம்வேர் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

தொற்றிய பிறகு செய்யும் தவறு தனி. நண்பர் பதறிப்போய் மகனின் அதே லேப்டாப்பில் உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தார். புதிய பாஸ்வேர்டுகளும் அதே திருடனுக்குப் போயிருக்கும். வேறொரு சுத்தமான கருவியிலிருந்துதான் மாற்ற வேண்டும். கூடவே 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும். நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைப் பிரவுசரில் குறித்துவைக்கும் குக்கீ திருடு போயிருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் கணக்குக்குள் உட்கார்ந்திருக்க முடியும்.

கடைசியில் லேப்டாப்பை ஃபார்மேட் செய்வதென்று முடிவானது. வேண்டியதை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொள் என்று பையனிடம் சொன்னேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். படங்கள், பாட நோட்டுகள், இரண்டு மூன்று வீடியோக்கள். நடுவில் அதே ஜிப்.