தண்டனைக் காலத்தை எதிர்த்து மேல்முறையீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடுகள் விசாரணைக்கு வரும் நாட்களில் இளம் வழக்கறிஞர்களின் வாதங்களைக் கேட்கும்போது, அதே தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காண்கிறேன். தீர்ப்பு நகல் இணைக்காதது போன்றவற்றை நீதிமன்ற அலுவலகமே சுட்டிக்காட்டி மனுவைத் திருப்பிவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

‘ஏக காலத்தில்’ என்று கேட்காமல் விடுவது

திருட்டு வழக்கில் 3 ஆண்டு தண்டனை அனுபவித்துவந்த ஒருவருக்கு, வேறொரு காவல் நிலைய வழக்கிலும் 3 ஆண்டு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவருடைய வழக்கறிஞர் வயதான தாயையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் சொல்லி உருக்கமாக வாதிட்டார். தண்டனை 2 ஆண்டாகக் குறைந்தது. குடும்பத்தினர் நிம்மதியடைந்தனர். விடுதலைத் தேதியை விசாரிக்க மனைவி சிறைக்குச் சென்றபோது, முதல் தண்டனை முடிந்த பிறகே இந்த 2 ஆண்டு தொடங்கும் என்று வாரண்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இரண்டையும் ஏக காலத்தில், அதாவது ஒரே நேரத்தில், அனுபவிக்க உத்தரவிட வேண்டும் என்ற ஒரு வரி மேல்முறையீட்டு மனுவில் எங்குமே இல்லை.

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்கு விதிக்கப்படும் தண்டனைகள் ஏக காலத்திலா, ஒன்றன் பின் ஒன்றாகவா என்பதைக் குற்றங்களின் தீவிரத்தைப் பார்த்து நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 25). ஆனால் ஏற்கெனவே சிறைத் தண்டனை அனுபவிப்பவருக்கு வேறு வழக்கில் விதிக்கப்படும் தண்டனை (பிரிவு 467), நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாவிட்டால், முந்தையது முடிந்த பிறகே தொடங்கும் என்பதே பொது விதி. முந்தையது ஆயுள் தண்டனையாக இருந்தால் மட்டும் நிலை வேறு. தீர்ப்பின் மௌனம் கட்சிக்காரருக்கு எதிராகவே வேலை செய்யும். முதல் வழக்கின் தீர்ப்பு நகலைத் தாக்கல் செய்து, இந்தக் கோரிக்கையைத் தனி வேண்டுதலாகவே எழுதுங்கள். விட்டுவிட்டால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாட வேண்டியிருக்கும். அங்கே கிடைத்துவிடும் என்ற உறுதியும் கிடையாது. அபராதம் கட்டத் தவறினால் அனுபவிக்க வேண்டிய சிறைவாசத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்பதையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குறைந்தபட்ச தண்டனையை மறந்து வாதிடுவது

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 6ஆம் பிரிவில் குறைந்தபட்சம் 20 ஆண்டு என்றிருக்க, குடும்பச் சூழ்நிலையைச் சொல்லி அதற்குக் கீழே கேட்பதில் பயனில்லை. ஆனால் சம்பவம் 2019 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முந்தையதாக இருந்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டுதான். குற்றப்பத்திரிகையில் சம்பவத் தேதியை முதலில் பாருங்கள்.

விசாரணைக் காலச் சிறைவாசம்

விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்பட வேண்டும் என்பதால், கைதான தேதியையும் ஜாமீனில் வந்த தேதியையும் மனுவிலேயே எழுதுங்கள்.

தண்டனை நிறுத்திவைப்பு மனு

மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் இந்த மனுவை மேல்முறையீட்டுடன் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். இல்லாவிட்டால் 1 ஆண்டுத் தண்டனை, மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் முடிந்துபோகலாம்.