வாழ்க்கைத்தர வினாத்தாளைச் சேலத்துப் புற்றுநோயாளர்களுக்கு ஏற்ப அமைக்கும் முறை

புற்றுநோயாளரின் வாழ்க்கைத்தரத்தை, அதாவது உடல், மனம், அன்றாட வாழ்வு ஆகியவற்றின் நிலையை, அளக்கப் பரவலாகக் கையாளப்படும் வினாத்தாள்களில் முக்கியமானவை இரண்டு: ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இ.ஓ.ஆர்.டி.சி.யின் 30 கேள்விகள் கொண்ட கியூ.எல்.கியூ. சி-30 (சுருக்கமாக சி-30), 27 கூற்றுகள் கொண்ட ஃபேக்ட்-ஜி. இரண்டும் 1993இல் வெளிவந்தவை. சேலத்துத் தறிக்காரர்களிடமோ ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளர்களிடமோ இவற்றைப் பயன்படுத்த விரும்புவோர், தாமாக மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் உரிமை வைத்திருக்கும் அமைப்புக்கு எழுதி, தமிழ்ப் பாடம் (தமிழ் வடிவம்) இருக்கிறதா என்று கேட்டு அனுமதி பெற வேண்டும். புதிதாக மொழிபெயர்க்க நேர்ந்தால், இருவர் தனித்தனியே பெயர்த்ததை ஒரே பாடமாக இணைத்து, வேறு இருவரைக் கொண்டு அதை மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்ட பின்பு 10 முதல் 15 நோயாளிகளிடம் சோதிப்பது வழக்கம்.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். படிக்கத் தெரியாத நோயாளிக்கு வாசித்துக் காட்டுவதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. இதில் சீனமொழி பேசுவோரின் நிலை நமக்கு நெருக்கமானது. ஃபேக்ட்-ஜியின் சீனப் பாடத்தை ஹாங்காங்கில் சரிபார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. அங்குள்ளோரில் பெரும்பாலோர் பேசுவது கான்டனீஸ் என்னும் சீன வட்டார மொழி; முறையாக எழுதுவதோ சீனாவின் பொது மொழியான மாண்டரினை ஒட்டிய பொது நடை. தாளைத் தானே படிப்பவருக்கு இதனால் தொல்லையில்லை. ஆனால் முதியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுபவர் எழுத்து நடையை அந்தக் கணத்திலேயே பேச்சுக்கு மாற்றிக்கொண்டால், வாசிப்பவர்தோறும் கேள்வி வேறாகிவிடும். எழுத்துத் தமிழுக்கும் சேலத்துப் பேச்சுக்கும் இடையிலும் இதே தொலைவு இருப்பதால், அச்சிட்ட தாளுடன் வாய்மொழிப் பாடம் ஒன்றையும் எழுதி, உரிமையாளரின் ஒப்புதலோடு நிலைப்படுத்தி, கேள்வி கேட்பவர் அனைவரையும் அதையே வாசிக்கப் பழக்க வேண்டும். சேர்வராயன் மலைவாழ் மக்களின் பேச்சை அறிந்த ஒருவர் அதைத் தயாரிக்கும் குழுவில் இருப்பது நல்லது.

சோதனையின்போது விடையைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், அந்த விடையை ஏன் சொன்னார் என்றும் கேட்க வேண்டும். வீட்டுக்கு வெளியே சிறிது தூரம் நடப்பதில் சிரமமா என்ற கேள்விக்கு மலைக்கிராமத்தவர் ‘ஆம்’ என்றால், அது நோயினாலா, வாசலிலேயே தொடங்கும் மேட்டினாலா என்று தெரிந்தாக வேண்டும். நோயால் பணக்கஷ்டம் உண்டா என்றால், காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பேருந்துச் செலவையும் இழந்த கூலியையும் சொல்லக்கூடும். ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ போன்ற விடைகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, வாசித்துக் காட்டி, வரிசைப்படுத்தச் சொன்னால் அவை குழம்பும் இடம் உடனே தெரிந்துவிடும். ‘கடந்த வாரம்’ என்பதைப் ‘போன வெள்ளிக்கிழமையிலிருந்து இன்றுவரை’ என்பதுபோல் கிழமையோடு சொல்வதையும் வாய்மொழிப் பாடத்தில் சேர்க்கலாம்.

நோயின் பெயரைக் குடும்பத்தார் மறைப்பது இங்கும் சீனக் குடும்பங்களிலும் காணப்படும் வழக்கம். ஃபேக்ட்-ஜியின் கூற்றுகள் ‘நோய்’ என்று மட்டுமே சொல்வதால், பெயர் வெளிப்படுவது பெரும்பாலும் ஒப்புதல் படிவத்தாலும் கேள்வி கேட்பவரின் வாயாலும்தான். எனவே, நோயாளி எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். உறவினர் அருகில் இருக்கையில் நோயாளியின் விடையை அந்த உறவினரே சொல்லிவிடக்கூடும் என்பதால், கனிவாகப் பேசி அவரைச் சற்று வெளியே அமரச் செய்வது தேவை. பாலுறவு பற்றிய கூற்றுக்கு விடையளிக்காமல் விட ஃபேக்ட்-ஜியிலேயே இடம் உண்டு, வற்புறுத்தத் தேவையில்லை.

மதிப்பெண் கணக்கில் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை. சி-30இல் ஒரு பிரிவின் கேள்விகளில் பாதிக்கேனும் விடை இருந்தால், அந்தப் பிரிவின் மதிப்பைக் கணக்கிடலாம். ஒவ்வொரு தாளிலும் நோயாளி தானே படித்தாரா, வாசித்துக் காட்டப்பட்டதா, வாசித்தவர் யார் என்பதைக் குறித்து, அந்தக் குழுக்களின் முடிவுகளைத் தனித்தனியே பார்த்த பிறகே ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.