நலாக்சோன் ஊசி போட்டதும் உடம்பில் என்ன நடக்கும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யவேண்டும்

நலாக்சோன் என்பது அபின் வகைப் போதையை முறிக்கும் மருந்து. அந்த வகையில் பிரவுன் சுகர் (ஹெராயின்), மார்ஃபின், டேபென்டடால், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் என எதை எடுத்திருந்தாலும், அது மூளைத்தண்டில் மூச்சை ஓட்டும் நரம்புகளை அமுக்கும். அளவு மீறினால் "மூச்சு விடு" என்ற கட்டளையே நின்றுபோகும். அடையாளங்கள் மூன்று: தட்டினாலும் எழாத மயக்கம், குறட்டை மாதிரி கரகரத்து விட்டுவிட்டு வரும் மூச்சு, குண்டூசித் தலையளவு சுருங்கிய கண்பாப்பா. கறுத்த நிறத்தவருக்கு உதட்டின் உள்பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள், சாம்பல் பூத்திருக்கும். "அசந்து தூங்குறான், விடு" என்று போர்த்திவிட்டுப் போவதால்தான் பலர் சாகிறார்கள்.

நெஞ்செலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லையென்றால் உடனே 108. "மூச்சு விடலை" என்பதை முதலில் சொல்லுங்கள். சந்து குறுகல் என்றால் ஒருவர் மெயின் ரோட்டு முனையில் போய் நிற்கட்டும். வண்டி வரும்வரை தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, 5 நொடிக்கு ஒருமுறை வாய்வழி ஊதுங்கள். நெஞ்சு ஏறவேண்டும், ஏறாவிட்டால் தலை சரியாகச் சாயவில்லை. நாடியும் இல்லை, அல்லது நாடி இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். மோர், பால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவது வெறும் ஆபத்து.

சென்னையில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவமனைகளில் இரவிலும் அவசரப் பிரிவு உண்டு. என்ன எடுத்தார், எத்தனை மணிக்கு, கூட சரக்கோ தூக்க மாத்திரையோ உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சரக்கையும் தூக்க மாத்திரையையும் நலாக்சோன் முறிக்காது. டிரமடால் என்றால் வலிப்பும் வரலாம்.

நலாக்சோன் நரம்பில் ஏறினால் ஒன்றிரண்டு நிமிடத்தில், தசையில் போட்டால் 5 நிமிடத்துக்குள் மூச்சு திரும்பும். விழித்தவருக்கு நடுவில் நடந்தது எதுவும் நினைவிருக்காது. தினமும் எடுப்பவராக இருந்தால், மணிக்கணக்கில் மெல்ல வரவேண்டிய விலகல் வேதனை (போதை நின்றதும் உடம்பு படும் பாடு) ஒரே நிமிடத்தில் இறங்கும்: கை முடி சிலிர்த்து நிற்கும், மூக்கு ஒழுகும், கொட்டாவி, குளிர் வேர்வை, வாந்தி, குடலைப் பிசையும் வலி, படபடக்கும் நெஞ்சு. கத்துவார், டிரிப்ஸைப் பிடுங்குவார். அது நன்றிகெட்டதனம் இல்லை, உடம்பு துடிக்கிறது. இதற்காகத்தான் மருத்துவர்கள் மூச்சு வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். நீங்கள் தாழ்ந்த குரலில் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், வாந்தி உள்ளே போகாதபடி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

அடுத்த பிசகு இங்கேதான். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். மெத்தடோன் போன்ற அபின் வகை மருந்துகள் உடம்பில் அதைவிட நெடுநேரம் இருக்கும். "சரியாயிட்டேன், கிளம்புறேன்" என்பவர் மறுபடி மயங்கலாம். வேதனை தாங்காமல் இன்னொரு தடவை எடுத்தால், நலாக்சோனின் வேலை முடிந்ததும் பழையதும் புதியதும் சேர்ந்து மூச்சை அமுக்கும். நுரை கலந்த சளி, மூச்சுத்திணறல் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் விடும்வரை வெளியே கூட்டிவராதீர்கள். வீட்டுக்கு வந்த இரவும் தனியாகப் படுக்கவிடாமல், கூடவே இருந்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 10-க்குக் கீழே போனால் மறுபடி 108. விடிந்ததும் போதை மீட்பு சிகிச்சை பற்றிக் கேட்க உதவி எண் 14446.