பழைய புல்லட்: ஆயில் ஒழுக்கும் டேப்பெட்டும்

பழைய புல்லட் வாங்கியவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "அடியில் ஒரு அட்டையைப் போட்டு நிறுத்துங்க" என்பதுதான். ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்ற கிண்டலும் கூடவே வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறுமையாகப் பொருத்தினால் அந்த இன்ஜினும் சொட்டாமல் நிற்கும்.

நான் சொல்வது 350 சிசி காஸ்ட் அயர்ன் இன்ஜினைப் பற்றி. பின்னால் வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்) இன்ஜினில், வால்வைத் திறக்கும் தண்டின் அடியில் இருக்கும் டேப்பெட் ஹைட்ராலிக், ஆயில் அழுத்தத்தில் தானே சரியாகிக்கொள்ளும். அதில் கையால் சரிசெய்ய ஒன்றும் கிடையாது.

முதல் வேலை கழுவுவது. மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு, பிரஷ் போட்டு இன்ஜினைத் தேய்த்து, துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் சந்தேகமான இணைப்புகள் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், ஆயில் தானாகக் கீழே வழியும். அதனால் ஈரமான இடங்களில் எது எல்லாவற்றையும்விட மேலேயும் முன்னாலும் இருக்கிறதோ, அங்கேதான் ஒழுக்கு. கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து கேஸ்கெட் (இணைப்புக்கு நடுவில் வைக்கும் அடைப்புத் தாள்) வாங்கப் போகாதீர்கள்.

கேஸ்கெட்டைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, ஆயில் அளவு. இந்த இன்ஜினில் ஆயில் தங்கும் அறை கிராங்க்கேஸோடு, அதாவது இன்ஜினின் அடிப்பெட்டியோடு, சேர்ந்தே இருக்கிறது. வண்டி இரண்டு மூன்று வாரம் நின்றால் அறையில் இருக்கும் ஆயில் மெல்ல கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் டிப்ஸ்டிக் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். நானும் அப்படித்தான் ஏமாந்து அரை லிட்டர் ஊற்றினேன். அன்று மாலை வண்டி புகையும் விட்டது, எல்லா இணைப்பிலும் ஆயிலும் கக்கியது. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அப்புறம் அளவு பாருங்கள்.

இரண்டு, பிரீதர், அதாவது இன்ஜின் காற்றை வெளியே விடும் வழி. பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் கிராங்க்கேஸில் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். வெளியேறிய காற்று திரும்பி உள்ளே வரக்கூடாது. அதற்காகவே வாத்து அலகு போல ஒரு சின்ன ரப்பர் வால்வு வைத்திருக்கிறார்கள். அது இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். கிராங்க்கேஸிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாயைத் தொடர்ந்து போனால் கிடைத்துவிடும். அலகு மெத்தென்று, உதடுகள் ஒட்டியபடி இருக்க வேண்டும். விறைத்துப்போயிருந்தாலோ கிழிந்திருந்தாலோ, குழாய் எங்காவது நசுங்கியிருந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் ஆயில் வழி கண்டுபிடித்து வெளியே வரும். முதலில் இந்தச் சின்ன ரப்பரை மாற்றிப் பாருங்கள். பாதி வண்டிகளுக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம்.

அதற்குப் பிறகும் ஒழுகினால் வலது பக்கம் சிலிண்டர் அடியில் இருக்கும் டேப்பெட் கவரைப் பாருங்கள். ஒரே நட்டில் நிற்கும் கவர் அது. ஒழுகுகிறது என்று ஆளாளுக்கு அந்த நட்டை முறுக்குவார்கள், கவர் வளையும், இன்னும் ஒழுகும். கழற்றி ஒரு கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால், அதே கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துச் சமமாகத் தேயுங்கள்.

கவரைக் கழற்றிய கையோடு டேப்பெட்டையும் சரிசெய்துவிடலாம். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தைய இரவு நிறுத்திய வண்டி என்றால் உத்தமம். பெட்ரோல் காக்கை மூடி, நியூட்ரலில் போட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன். அப்போது ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை உள்ளே விட்டு, பிஸ்டன் அதை மேலே தூக்கி நிறுத்தும் இடம்வரை கிக்கரை மெல்ல அமுக்குங்கள். கம்பி விடாதீர்கள், ஓட்டை சாய்வாக இருப்பதால் மாட்டிக்கொள்ளும். இந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

இனி டேப்பெட் மேல் நிற்கும் தண்டான புஷ்ராடு ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது. அளவு அவ்வளவுதான், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வேண்டாம். சரியாக இல்லையென்றால் புஷ்ராடின் அடியைப் பாருங்கள், ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி மூன்று ஆறுபட்டைகள் இருக்கும். மேலே உள்ளதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ள லாக் நட்டைத் தளர்த்துங்கள். கீழே உள்ளதைத் திருப்பினால் புஷ்ராடு நீளும் அல்லது குறையும். அளவு வந்ததும் கீழ்ப்பட்டையை அசையாமல் பிடித்து லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு கட்டாயம் கொஞ்சம் நகரும், அதனால் மறுபடி சுழற்றிப் பாருங்கள். எனக்கு முதல் தடவை நாலு முறை பிடித்தது. மெல்லிய ஸ்பேனர்கள் இருந்தால்தான் அந்தச் சந்துக்குள் வேலை நடக்கும்.

டவுட் வந்தால் ஒரு நூல் லூஸாகவே விடுங்கள். லூஸ் டேப்பெட் 'டிக் டிக்' என்று சத்தம் போடும், அவ்வளவுதான். டைட் டேப்பெட் சத்தமே போடாது. வால்வு சரியாக மூடாமல் சூடேறி, கடைசியில் கருகிப்போகும்.

மூடும்போது பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் சுரண்டுங்கள், உலோகத்தில் கீறல் விழாமல். அனபாண்ட் (கேஸ்கெட்டுக்குத் தடவும் பசை) தடவுவதானால் நகப்பூச்சு அளவுக்கு மெல்லிசாக. பிதுங்குவது வெளியே மட்டும் பிதுங்காது. உள்ளே விழும் துணுக்கு ஆயில் வழியை அடைத்துவிடும். நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, அப்புறம் ஸ்பேனரில் அரைச் சுற்று, போதும். இடது பக்க பிரைமரி கவரும் ஒற்றை நட்டில்தான் நிற்கிறது. ஒழுக்கை நிறுத்துவது அதன் ரப்பர் வளையம்தான், உங்கள் கைபலம் இல்லை.

மறுபடி பவுடர் தூவி அதே பத்து கிலோமீட்டர் போய்வந்து பாருங்கள்.