பழைய பிக்கப் கதவும் பூட்டும்: செய்யக் கூடாத வேலைகள்

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) தேதி நெருங்கும்போதுதான் பல பேருக்கு வண்டியில் கதவு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்பதால், மதுரைப் பக்கப் பட்டறைகளில் பழைய பொலிரோ பிக்கப்பும் டூ நாட் செவனும் (டாடா 207) கடைசி நேரத்தில் வந்து நிற்கும். தொழில் பழகும் பையன்களும், வீடியோ பார்த்துத் தானே கழற்றும் ஓனர்களும் அந்த அவசரத்தில் செய்வதெல்லாம் எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்துதான். ஸ்க்ரூ தொலைப்பது, பெயின்ட் நிறம் மாறுவது எல்லாம் பட்டால் தானாகப் புரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தொங்கும் கதவுக்கு ஸ்ட்ரைக்கரை இறக்குவது

கதவு சாத்தவில்லை என்றதும், கதவுச் சட்டத் தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவில் இருக்கும் லாட்ச் கவ்விப் பிடிக்கும் கொக்கியை, தளர்த்தி ஒரு நூல் கீழே இறக்குகிறார்கள். இடம் பத்தவில்லையா, துளையை ராவிப் பெரிசாக்கி இன்னும் ஒரு நூல். கதவு 'டக்' என்று சாத்தும், காசும் வாங்கிவிடலாம். இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கதவு தொங்கியதற்கு ஸ்ட்ரைக்கர் காரணமே இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது டிரைவர் கதவைத் திறந்து, பாதி உடம்பை அதன் மேல் சாய்த்துப் பின்னால் பார்ப்பார், ஏறும்போதும் அதைப் பிடித்துத்தான் ஏறுவார். அந்தப் பாரம் எல்லாம் கீலின் நடுவில் இருக்கும் கம்பியான பின்னுக்கும், அதைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ்ஷுக்கும்தான் போகிறது.

கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பை அடியில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கண் கீலில் இருக்கட்டும். பின் ஆடினால் பின்னும் புஷ்ஷும் மாற்ற வேண்டும். பின் ஆடாமல் கீல் உட்கார்ந்திருக்கும் தகடே அசைந்தால் தூணில் விரிசல். இன்னொரு அடையாளமும் உண்டு, மெதுவாகத் திறக்கும்போது ஸ்ட்ரைக்கரை விட்டு விலகும் நொடியில் கதவு லேசாகக் கீழே இறங்கும். ஸ்ட்ரைக்கரை இறக்கிவிட்டால் அதுவும் தெரியாது. காய்ச்சல் தெரியாமல் நோய் மட்டும் உள்ளே இருப்பது மாதிரி.

பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி அடிக்கும் பொலிரோ ஒன்று அப்படித்தான் வந்தது. "அண்ணே, ஓட்டும்போதே கதவு திறந்துக்குதுண்ணே, கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்" என்றார் டிரைவர். வேறொரு பட்டறையில் ஸ்ட்ரைக்கரை இறக்கி இறக்கித் துளை நீள்வட்டமாகியிருந்தது. லாட்சுக்கு இரண்டு 'கிளிக்' உண்டு, இரண்டாவதில் விழுந்தால்தான் முழுசாகப் பிடித்ததாக அர்த்தம். இது முதல் கிளிக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கீலைக் கழற்றினால் போல்ட்டைச் சுற்றித் தூண் தகடு கிழிந்திருக்கிறது. பின், புஷ்ஷோடு முடிய வேண்டிய வேலை, தகடு வெட்டி, உள்ளே பட்டை கொடுத்து, வெல்டிங், பட்டி, பெயின்ட் என்று இழுத்தது. அத்தனை நாளும் வண்டிக்கு லோடு இல்லை, டிரைவருக்குப் படியும் இல்லை.

சரியான வரிசை இதற்கு நேர் எதிர். ஸ்ட்ரைக்கரை முழுசாகக் கழற்றி வையுங்கள். கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, கதவுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிய பிறகே போல்ட்டில் கை வையுங்கள். பின், புஷ் மாற்றி, கதவைச் சுற்றி இடைவெளி ஒரே அளவாக வந்த அப்புறம்தான் ஸ்ட்ரைக்கர். கடைசியாக பீடிங்கில் (கதவோர ரப்பர்) ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுங்கள், எல்லா இடத்திலும் லேசாகப் பிடிக்க வேண்டும்.

ஜாக்கியால் நெம்பிக் கதவைத் தூக்குவது

மேலே சொன்னதன் தம்பி. தேய்ந்த பின் தேய்ந்தபடியேதான் இருக்கும்.

சாவித் துளையில் எண்ணெய்

கிரானைட் தூசியில் ஓடும் வண்டிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. பழைய இன்ஜின் ஆயிலை விட்டால் அன்றைக்குச் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும், பிறகு தூசியும் எண்ணெயும் குழைந்து உள்ளே இருக்கும் சின்னத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். கிளீனர் ஸ்ப்ரே அடித்து அழுக்கை வெளியேற்றி, காய்ந்த பிறகு கிராஃபைட் பவுடர் கொஞ்சம் ஊதிவிட்டால் போதும்.

தேய்ந்த சாவிக்கு நகல்

தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் நகல் எடுக்கிறீர்கள்.

கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி

ஹேண்டிலையும் லாட்சையும் இணைக்கும் ராடின் முனையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். உடைந்தால் சில ரூபாயில் கிடைக்கும். அதை வாங்கச் சோம்பல்பட்டுக் கட்டுக்கம்பியைச் சுற்றினால், ராடு திரும்ப வழியில்லாமல் இழுபட்டு வளையும், அப்புறம் ஹேண்டிலே கையோடு வரும்.

லாட்ச் மாட்டியதும் கதவைச் சாத்திப் பார்ப்பது

சாத்தவே கூடாது. கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் லாட்ச் நாக்கை இரண்டு கிளிக்குக்கும் தள்ளி, உள் ஹேண்டில், வெளி ஹேண்டில், சாவி மூன்றிலும் விடுபடுகிறதா என்று பாருங்கள். ராடு மாட்டாமல் சாத்திவிட்டால் உள்ளேயும் திறக்காது, வெளியேயும் திறக்காது.

பேட்டரி கழற்றாமல் வெல்டிங்

மைனஸ் வயரைக் கழற்று. கண்ணாடிக்கும் சீட்டுக்கும் ஈரச் சாக்கு.

துருவின் மேல் பட்டி

கோடையில் பளபளக்கும், ஐப்பசி மழையில் கொப்புளிக்கும். துரு உள்ளேயிருந்துதான் வருகிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், பட்டி பூசும்போது அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். பூசும் முன் அதில் தீக்குச்சி செருகி வையுங்கள், பெயின்ட் காய்ந்ததும் பிடுங்குங்கள். டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க அட்டை) பின்னால் இருக்கும் பாலித்தீன் ஷீட்டையும் கிழித்து எறியாதீர்கள், கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் பேடில் ஊறாமல் கீழே போவது அது இருப்பதால்தான்.