ஃபென்வே பார்க்கின் பழைய படம் எந்தக் காலத்தது? கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள பேஸ்பால் மைதானமான ஃபென்வே பார்க் 1912-இல் திறக்கப்பட்டது. ரெட் சாக்ஸ் அணி இன்றும் அங்கேதான் ஆடுகிறது. ஆண்டு எழுதாத பழைய படம் ஒன்று கிடைத்தால் ஆட்டக்காரர்களின் முகங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். லெஃப்ட் ஃபீல்டுச் சுவரை, அதாவது பந்தடிப்பவருக்கு இடப்பக்கம் மைதானத்தின் கோடியில் இருக்கும் சுவரைப் பாருங்கள், காலம் அதில்தான் படிந்திருக்கிறது.

முதலில் விளம்பர எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருந்தால் எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும், சுவரும் வலப்பக்கம் போயிருக்கும்.

அடுத்து சுவரின் அடி. அங்கே சுமார் 10 அடி உயரச் சரிவான மண்மேடு தெரிந்தால் படம் 1934-க்கு முந்தையது. அந்தச் சரிவில் ஏறிப் பந்து பிடிப்பதில் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் டஃபி லூயிஸ் கைதேர்ந்தவர்; அதனால் அதற்கு 'டஃபிஸ் கிளிஃப்' என்றே பெயர். ஆடுகளத்தின் இடப்பக்க எல்லைக்கோட்டை ஒட்டி இருந்த மரப் படிக்கட்டு இருக்கைகள் 1926 மே மாதம் எரிந்துபோயின. 1934 புதுப்பிப்பு வரை அவற்றைத் திரும்பக் கட்டவில்லை. ஆகவே சரிவும் இருந்து, அந்த இடம் வெறுமையாகவும் இருந்தால் 1926–33.

தகரம் போர்த்திய 37 அடிச் சுவரும், அதன் அடியில் கையால் எண் மாட்டும் ஸ்கோர்போர்டும் 1934-இல் வந்தவை. சுவருக்கு மேலே வலை 1936-இல் வந்தது. பின்னாலுள்ள லான்ஸ்டவுன் தெருவில் பந்து விழாமல் தடுக்க அதைக் கட்டினார்கள். வலப்பக்க வேலிக்கு முன்னால் புல்பென் (பந்து வீசுபவர்கள் பயிற்சி எடுத்துத் தயாராகும் இடம்) 1940-இல். விளம்பரங்களை அழித்துச் சுவர் முழுக்கப் பச்சை அடித்ததும், இரவு ஆட்டத்துக்கு விளக்குக் கோபுரங்கள் நட்டதும் 1947-இல். இவற்றை இரு பக்கமிருந்தும் நெருக்குங்கள்: புல்பென் இருக்கிறது, சுவரில் விளம்பரமும் இருக்கிறது என்றால் 1940–46. சென்டர் ஃபீல்டில் (பந்தடிப்பவருக்கு நேரெதிர்க் கோடியில்) மின்னணுத் திரை தெரிந்தால் 1976 அல்லது அதற்குப் பின். சுவர் உச்சியில் இருக்கைகள் தெரிந்தால் 2003 அல்லது அதற்குப் பின்.

தவறு நேர்வது பெரும்பாலும் அஞ்சலட்டைகளில். கையால் வண்ணம் தீட்டியவற்றில் நிறத்தை நம்பக் கூடாது. அஞ்சல் முத்திரை சொல்வது படம் அதற்குப் பிந்தையது அல்ல என்பதை மட்டுமே. ஒரே அட்டையைப் பல ஆண்டுகள் விற்றிருக்கலாம். விளக்குகள் இல்லை என்று முடிவு கட்டுமுன், கூரை முழுவதும் படத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரிலுள்ள ஏணியைச் சான்றாக எடுக்காதீர்கள். வலையில் சிக்கிய பந்துகளை எடுக்க வைத்த ஏணி அது. வலை போய் இருக்கைகள் வந்த பிறகும் அதைக் கழற்றவில்லை.